விம்கோ நாக்காவில் இறங்குகிறவர்கள்

(மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் தமிழர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாழடைந்த கட்டடங்களையும் பழைய பெயர்ப்பலகைகளையும் படம் எடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இதற்கு ராஜஸ்தானுக்கோ செட்டிநாட்டுக்கோ போக வேண்டியதில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் ஊரிலேயே தொடங்கலாம். ஷேர் ஆட்டோவில் ஏறி "விம்கோ நாக்கா" என்கிறோம், பத்து ரூபாயோ இருபது ரூபாயோ கொடுத்துவிட்டு இறங்குகிறோம். இங்குள்ள பிள்ளைகளுக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர். அவர்களுடைய தாத்தாக்கள் சிலருக்கு மாதச் சம்பளம் வந்த இடம். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற நான்கு சொல்லைச் சுருக்கினால் விம்கோ. தீப்பெட்டிக் கம்பெனி. ஆலை நின்றுபோனது, ஆட்கள் போனார்கள், பெயர் மட்டும் ஆட்டோக்காரர் வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1922ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, 1 ரூபாய் 8 அணா என்று இறக்குமதி வரி போட்டார்கள். அதுவரை ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்குக்கு அது பெரிய அடி. ஸ்வீடன்காரர்கள் யோசித்தார்கள்: சரக்கை அனுப்பினால்தானே வரி, ஆலையையே கொண்டுபோய் வைத்துவிட்டால்? அடுத்த ஆண்டே விம்கோ பிறந்தது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, சென்னைத் திருவொற்றியூர், அசாமில் துப்ரி என்று ஆலைகள் வந்தன. அதற்குப் பின்னால் இருந்த மனிதர் இவார் க்ரூகர். உலகத் தீப்பெட்டி வியாபாரத்தில் பெரும்பகுதியைக் கைக்குள் வைத்திருந்து, கணக்கெல்லாம் பொய் என்று வெளுக்கப்போகும் நேரத்தில், 1932 மார்ச்சில் பாரிஸில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தவர். அப்படிப்பட்டவருடைய சாம்ராஜ்யத்தின் ஒரு மூலைதான் நம் அம்பர்நாத்.

அதே 1922ல், சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு பேர் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு மறு ஆண்டு ஊர் திரும்பினார்கள். ஒரே நேரத்தில் இங்கே ஸ்வீடன் இயந்திரம், அங்கே சிவகாசிக் கை. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ 'தீப்பெட்டி ஆபீசு'க்குப் போய்க் கட்டை அடுக்கியிருப்பார்கள், ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டியிருப்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் கைத்தொழிலுக்குக் கலால் வரியைக் குறைத்தது, பெரிய ஆலை மேற்கொண்டு விரியாமல் கட்டுப்பாடு வைத்தது. கப்பல், ஹோம்லைட்ஸ் என்று நாடறிந்த மார்க்குகள் இருந்தும் விம்கோ சுருங்கிக்கொண்டே வந்தது. 2005ல் ஸ்வீடன்காரர்கள் தங்கள் பங்கை ஐ.டி.சி. கைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். தெற்கே ஒரு தமிழ்ப் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒட்டிய பெட்டி, வடக்கே இன்னொரு தமிழர் வேலை பார்த்த ஆலையை அசைத்திருக்கிறது. அந்தக் கைத்தொழிலில் குழந்தைகளின் கையும் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. சிவகாசி வென்றது என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இந்தச் செய்தி எதையும் ஒரு இடிந்த சுவரின் படம் சொல்லாது. நான் இன்று சொல்ல வந்ததும் அதுதான். பாழடைந்த கட்டடத்தைப் படம் எடுக்கிறவர்கள் முதலில் போர்டை எடுங்கள், அப்புறம் வாசலை எடுங்கள், அங்கே இருக்கிற மனிதரிடம் பேசுங்கள். உடைந்த ஜன்னல் வழியாக விழும் வெயிலைக் கடைசியாக எடுத்துக்கொள்ளலாம். நேரமில்லை என்றால் விட்டும் விடலாம்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். கொலாபாவில் முகேஷ் மில் இருக்கிறது. 1870களில் கடலோரத்தில் கட்டிய பஞ்சாலை. 1982க்குப் பிறகு அங்கே தறி ஓடவில்லை. எத்தனை சினிமா, எத்தனை விளம்பரம், எத்தனை பேய்க்கதை! கரிந்த சுவரும் கொடியும் கேமராவுக்கு அவ்வளவு பொருத்தம். அந்த 1982 ஜனவரி 18ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்களே, அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடிந்ததாக இன்றுவரை யாரும் அறிவிக்கவில்லையே, அது எந்தப் படத்தில் தெரிகிறது? முகேஷ் மில் என்றால் பேய் என்கிறார்கள். அங்கே நிஜமாக அலைந்தவர்கள் பாக்கிச் சம்பளம் கேட்டு அலைந்தவர்கள்தான்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக்கும் இதே கதி. கார் ஆலைகள் மூடிய பிறகு உலகமெங்குமிருந்து படக்காரர்கள் போய் இறங்கினார்கள். 2010ல் இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள் பெரிய புத்தகமே போட்டார்கள். படங்கள் பிரமாதம், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எரிச்சல்பட்டார்கள். நாங்கள் இங்கே குடியிருக்கிறோம், எங்கள் ஊரைச் சுடுகாடு போலக் காட்டுகிறீர்களே என்றார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தவர் கமீலோ ஹொசே வெர்காரா. சிலியில் பிறந்து நியூயார்க்கில் வாழ்பவர். 1970களிலிருந்து அவர் செய்தது ஒன்றுதான்: அதே தெரு முனைக்குத் திரும்பத் திரும்பப் போய் அதே கோணத்தில் எடுப்பது. ஒரு கடை சர்ச்சாக மாறுகிறது, சர்ச் பூட்டிக் கிடக்கிறது, பிறகு காலி மனை. ஒரு படம் அழகாக இல்லாவிட்டாலும் பத்துப் படம் சேர்ந்தால் அந்தத் தெருவின் வரலாறு. ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959லிருந்து தண்ணீர்த் தொட்டி, சுரங்கக் கோபுரம், ஊதுலை என்று ஒன்று விடாமல் எடுத்தார்கள். மேகமூட்டமான நாளாகப் பார்த்து, நேராக நின்று, நிழல் விழாமல். ஆள் முகம் பார்த்து எடுக்கிற மாதிரி கட்டடத்தின் முகம் பார்த்து எடுத்தார்கள். டார்ட்மண்ட் ஊரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் இயந்திரக் கூடத்தை இடிக்க இருந்தபோது, 1969ல் அதைத் தடுத்து நிறுத்தியதில் அவர்களுக்கும் பங்குண்டு. இன்று அது அருங்காட்சியகம்.

நம் பக்கத்துக்கு வருவோம். அம்பர்நாத்திலிருந்து பத்லாப்பூர், வாங்கணி, நேரள், கர்ஜத் வழியாகக் கோபோலி போய் காட் ஏறுகிற பழைய சாலை இருக்கிறதே, பைக்கில் போகிறவர்களுக்கு அது சொர்க்கம். அந்தப் பாதையில் இப்போது இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர் காட் மலைப்பாதையில், கண்டாளாவுக்குச் சற்று முன்னால், 1830ல் கட்டிய ஒரு பாலம் இருந்தது. பம்பாயிலிருந்து பூனாவுக்கு முதல் முறையாக வண்டி போகிற சாலையை வெள்ளைக்காரன் போட்டபோது கட்டியது. அந்தப் பாலத்துக்குக் கவர்னர் பெயரோ கட்டிய கேப்டன் பெயரோ நிற்கவில்லை. அம்ருதாஞ்சன் பாலம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். காரணம், அங்கே ஒரு காலத்தில் இருந்த அம்ருதாஞ்சன் விளம்பரப் பலகை. காட் ஏறித் தலை சுற்றி வருகிறவன் கண்ணில் தைலத்தின் பெயர் பட்டால் மறப்பானா!

அந்தத் தைலமும் நம்ம பம்பாய்ச் சரக்குதான். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு என்ற தெலுங்கர் 1893ல் பம்பாயில் தொடங்கினார். பிறகு கம்பெனி சென்னைக்குப் போனது. மயிலாப்பூர் லஸ் பக்கம் போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். தென்னிந்தியர் ஒருவர் பிழைக்க வந்த ஊரில் தொடங்கிய தைலத்தின் விளம்பரம், மராத்திய மலையில் ஆங்கிலேயர் கட்டிய பாலத்துக்குப் பெயராகிவிட்டது. எக்ஸ்பிரஸ்வே வந்த பிறகு அந்தப் பாலத்தின் தூண்கள் சாலை நடுவே நின்று வண்டிகளை நெருக்கின, விபத்துகள் நடந்தன. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் சாலை வெறிச்சோடிக் கிடந்தபோது, வெடி வைத்துத் தகர்த்தார்கள். பாரம்பரியச் சின்னம் என்று சிலர் வருந்தினார்கள். அந்த இடத்தில் மணிக்கணக்காக மாட்டிக்கொண்டு கிடந்தவர்கள் வருந்தவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பாலத்தின் படம் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தப் போர்டின் படம் எத்தனை பேரிடம் இருக்கிறது? விளம்பரத்தை மறைத்துவிட்டு மலையை எடுப்பதுதானே நம் வழக்கம்.

அதே பாதையில், கர்ஜத் தாண்டி, ஒரு பழைய அரிசி ஆலையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கர்ஜத், நேரள் பக்கம் நெல் விளைகிற பூமி. நின்றுபோன ஆலைகள் சாலையோரம் அங்கங்கே தென்படும். இந்த ஆலையின் முன்சுவரில் மராத்தியில் 'பாத் கிரணி', அதாவது அரிசி ஆலை, என்று நீல எழுத்து. சுண்ணாம்பு உரிந்த இடத்தில் அதற்குக் கீழே சிவப்பில் இன்னொரு முதலாளி பெயர். கேமராவை எடுத்ததும் உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். "கஷாலா ஃபோட்டோ?" எதுக்கு போட்டோ என்று கேட்கிறார். நிலத்தரகன் என்று நினைத்துவிட்டார். "காகா, எழுத்து நல்லா இருக்கு, அதுக்குத்தான்" என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். எழுத்தா என்று சிரித்துவிட்டு என்னைக் கதவோரம் கூட்டிப்போனார்.

கதவின் இரண்டு நிலைக்கால்களிலும் கரிக்கோடுகள். நாலு கோடு நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே போட்டு, கட்டுக் கட்டாக, ஆள் உயரம் வரைக்கும். இடது பக்கம் முகாதம், அதாவது மேஸ்திரி, போட்ட மூட்டைக் கணக்கு. வலது பக்கம் ஹமால்கள், அதாவது மூட்டை தூக்குகிறவர்கள், தாங்களே போட்டுக்கொண்ட கணக்கு. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் இரண்டு கணக்கு. இரண்டும் ஒத்துப்போகுமா என்று கேட்டேன். "கதீச் நாஹி" என்றார். ஒருநாளும் இல்லை. வலது பக்கக் கோடுகளில் இவர் போட்டவையும் இருந்தன. முன்சுவரில் இருந்தது முதலாளியின் போர்டு என்றால், அந்த நிலைக்கால் தொழிலாளியின் போர்டு. நான் தனியாகப் போயிருந்தால் அதைப் புகைக்கறை என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பேன்.

எழுத்து இருந்தால்தான் கட்டடம் பேசும் என்பதற்கு நம் ஊர் சிவன் கோயிலைவிடச் சாட்சி வேண்டாம். வால்துனி ஆற்றோரத்தில் நிற்கும் அந்தக் கோயிலைச் சிலஹார மன்னர்கள் கட்டினார்கள் என்றும், காலம் 1060 என்றும் தைரியமாகச் சொல்கிறோமே, எப்படி? வடக்கு வாசல் உத்தரத்தில் ஒரு கல்வெட்டு. சக ஆண்டு 982, மன்னர் மும்முணி. சில வரிகள்தான். அது இல்லையென்றால் பாண்டவர்கள் ஒரே ராத்திரியில் கட்டியது என்ற கதையோடு நின்றிருப்போம். அந்தக் கதையும் நமக்கு வேண்டும், அது வேறு. ஆனால் காலத்தைச் சொல்வது போர்டு.

மறுபடி ஆலைகளுக்கு வருவோம். தரம்சி மொரார்ஜி கெமிக்கல் என்று 1919ல் தொடங்கிய கம்பெனி, கந்தக அமிலமும் சூப்பர் பாஸ்பேட் உரமும் செய்ய ஆரம்பித்தது இந்த அம்பர்நாத்தில்தான். இப்போது அவர்கள் ஆலைகள் ரோஹாவிலும் குஜராத்தின் தஹேஜிலும். கல்யாணுக்கு அந்தப் பக்கம் மோஹனேயில் என்.ஆர்.சி. என்ற ரேயான் ஆலை 2009ல் மூடியது. தொழிலாளர் குடியிருப்பும் பாக்கித் தொகையும் வருடக்கணக்கில் வழக்கில் இழுத்தன. இங்கெல்லாம் வேலை செய்த தமிழர்கள் வீட்டில் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கேன்டீன் டோக்கன் இருக்கும். கட்டடத்தை எடுக்க முடியாமல் போனால் அவற்றை எடுங்கள்.

கொஞ்சம் கைப்பழக்கமும் சொல்லிவிடுகிறேன். கொங்கணத்தில் ஏப்ரல், மே மாதந்தான் இதற்குக் காலம். செடிகொடி காய்ந்து சுவர் முழுசாகத் தெரியும். ஜூன் பிறந்துவிட்டால் பதினைந்தே நாளில் பச்சை மூடிக்கொள்ளும், பாசி வழுக்கும், பாம்பும் உண்டு. மங்கிப்போன சுவரெழுத்தை நடுப்பகலில் எடுத்தால் ஒன்றும் வராது. காலை வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக விழும்போது தூரிகை ஓடிய தடம்கூடத் தெரியும். சில எழுத்துகள் முதல் தூறலில் சுவர் நனைந்ததும் தானே எழும்பி வரும். எனாமல் தகடு கிடைத்தால் ஆணி அடித்த துளையைக் கிட்டத்தில் பாருங்கள். துரு அங்கேயிருந்துதான் கிளம்பும். அடித்தபோது எனாமல் தெறித்த இடம் அது. மற்ற இடமெல்லாம் எண்பது வருடம் கழித்தும் கண்ணாடி போல இருக்கும். தகடைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பழைய சாமான் வியாபாரிகள் அந்த வேலையை ஏற்கெனவே திறம்படச் செய்கிறார்கள்.

ஒவ்வொரு போர்டுக்கும் மூன்று படம் எடுங்கள்: நேராக நின்று ஒன்று, பக்கத்துக் கட்டடமும் சேர்ந்து வருகிற மாதிரி தள்ளி நின்று ஒன்று, எழுத்துக்குக் கிட்டே போய் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் ஊர், தேதி, போர்டில் இருக்கும் வாசகம், சொன்னவர் சொன்னது என்று நாலு வரி தமிழில் எழுதி வையுங்கள். படம் எடுக்க ஒரு நிமிடம், எழுத ஐந்து நிமிடம். பெரும்பாலானவர்கள் அந்த ஐந்து நிமிடத்தில்தான் தோற்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: அம்பர்நாத்தில் ஆர்டனன்ஸ் ஃபாக்டரி, அதாவது படைத்தளவாட ஆலை, இருக்கிறது. அதன் மதில் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள். பழைய சுவராயிற்றே என்று நீங்கள் சொல்கிற விளக்கம் காவல் நிலையத்தில் எடுபடாது.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதேதான். தனுஷ்கோடியில் இடிந்த சர்ச் சுவருக்கு முன்னால் கல்யாண ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய ரயிலை அலை வாரிக்கொண்டு போன ஊர் அது. நில்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே கடை போட்டிருக்கும் மீனவக் குடும்பத்திடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு நில்லுங்கள். திருநெல்வேலிப் பக்கம் போனால் சொக்கலால் பீடி, திண்டுக்கல் பக்கம் அங்குவிலாஸ் புகையிலை என்று சுவர் சுவராகப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தச் சுவரெழுத்து ஓவியர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். மிச்சமிருக்கும் சுவர்கள் நாலு வழிச்சாலைக்காக இடிபட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. புகையிலையை மன்னிக்க வேண்டியதில்லை, எழுத்தை மதித்தால் போதும்.

தாராவிக்கு வருகிறேன். நம்மில் பாதிப் பேருக்கு அங்கே அத்தை வீடோ சித்தப்பா வீடோ இருக்கிறது. 2022 இறுதியில் அதானி குழுமம் தாராவிச் சீரமைப்பு ஏலத்தில் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்று பேச இன்னொரு நாள் வேண்டும், என்னைவிடத் தகுதியான ஆளும் வேண்டும். நடந்தால் அந்தத் தெருக்கள் இருக்காது என்பது மட்டும் நிச்சயம். அதற்கு முன்பே போர்டுகள் மாறிவிட்டன. 2022ல் கடைச் சட்டத்தைத் திருத்தி, சின்னக் கடையானாலும் மராத்தியில் தேவநாகரி எழுத்தில் பெயர் வேண்டும், மற்ற மொழி எழுத்தைவிட அது சிறியதாக இருக்கக் கூடாது என்றார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கடைக்காரர்களுக்கு இரண்டு மாதம் கெடு கொடுத்தது. மராத்தி மண்ணில் மராத்தி எழுத்து இருப்பதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் புது போர்டு ஏறும்போது பழசு எங்கே போகிறது? முறுக்குக் கடை, இட்லி மாவுக் கடை, தோல் பட்டறை, நற்பணி மன்றம், முடிதிருத்தும் நிலையம் என்று தமிழில் எழுதியிருந்த தகரங்கள் பரண் மேலேயோ காயலான் கடையிலோ கிடக்கின்றன.

பிற ஊர்ப் பாழ்களை எடுக்கப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு அடி சாலைக்குப் போங்கள். கடைக்காரரிடம் "அண்ணாச்சி, பழைய போர்டு இருக்கா?" என்று கேளுங்கள். பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, அவரையே கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி ஒரு படம் எடுங்கள். எழுதிய ஓவியர் யார், எந்த வருடம், எவ்வளவு கூலி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தின் ஒரு பிரதியை அவருக்கே கொடுங்கள், இன்னொன்றை நம் சங்க நூலகத்தில் சேருங்கள். இந்த மழைக்கு முன்னால் தொடங்கினால் நல்லது.